சிசிலித் தீவின் அடுக்களையில்

இத்தாலிக்குச் சென்று திரும்பினோம் என்றதும், கண்டோர் பலரும் எங்களிடம் கேட்ட முதல் வினா ரோம் நகரத்துப் பேரரங்கத்தைப் பற்றியதன்று. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைப் பற்றியதுமன்று. "அது கிடக்கட்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதே. வினாவில் நியாயம் உண்டு. பன்றி இறைச்சியும் மதுவும் அன்றாடச் சமையலில் ஊடும் பாவுமாகக் கலந்துள்ள நாடு அது. அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் பதினான்கு நாள் பசியாறி வந்தது எவ்வாறு என அறியும் ஆவல் இயல்பானதே. கோபுரங்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். எனவே நாங்கள் கண்ட தட்டுகளைப் பற்றி மட்டும் ஈண்டு எழுத முற்படுகிறோம்.

2024ஆம் ஆண்டு மே மாதம், கோடை விடுமுறையில் புறப்பட்டோம். நாங்கள் ஐவர்: கணவன், மனைவி, எழுபது அகவை கடந்த அன்னையார், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த மகள், ஒன்பது வயது மகன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் உம்மா பயணப் பெட்டியைப் பலசரக்குக் கடையாக மாற்றத் தொடங்கியிருந்தார்கள். முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, மாசிக் கருவாடு, ஒரு தூக்கு நெய். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியேயிருந்து வருவோர் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவரக் கூடாதென்பது அங்குள்ள விதி; மீனுக்கு அத்தடை இல்லை. ஆகவே நெய் வீட்டிலேயே தங்கிற்று. மாசி பயணம் செய்தது. "மாசியை விடுகிறவர்கள் நெய்யை ஏன் தடுக்கிறார்கள்?" என்று உம்மா கேட்டதற்கு எங்களிடம் விடையில்லை.

ஆகுமான முறையில் அறுக்கப்பட்டதென உறுதியாகத் தெரியாத இறைச்சியை உண்பதில்லை. பன்றிக் கொழுப்பும் மதுவும் சேர்ந்தவற்றைத் தொடுவதில்லை. மீனும் காய்கறியும் தானியமும் போதும் என்பது எங்கள் ஏற்பாடு. பாலாடைக்கட்டியை உறைய வைக்கச் சேர்க்கும் பொருளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். நாங்கள் நம்பும் ஆலிம் ஒருவரிடம் முன்னரே கேட்டுத் தெளிந்து சென்றோம் என்ற அளவில் அதனை விடுக்கிறோம்.

ரோம் நகரில் இரு நாள் இருந்தோம். அந்நகரின் புகழ்பெற்ற மாவு உணவுகள் நான்கில் மூன்றில் பன்றியின் கன்னத் தசை சேர்கிறது. குவாஞ்சாலே என்பது அதன் பெயர். கார்போனாரா, அமாத்திரிச்சானா, கிரீச்சா ஆகிய மூன்றும் அதனாலேயே சுவை பெறுகின்றன. நான்காவதாகிய காச்சோ எ பெப்பே என்பதில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மிளகுமே உள்ளன. இச்செய்தியை நாங்கள் அறிந்தே சென்றோம். ஆயினும், நீரூற்றுச் சதுக்கமொன்றில் வண்ணப் படங்கள் அச்சிட்ட உணவுப் பட்டியலோடு வாசலில் நின்று கைகாட்டி அழைத்த ஓர் உணவகத்தில், இறைச்சியே இல்லாத தக்காளிக் குழம்பு வேண்டுமென இருமுறை சொல்லியும், அமாத்திரிச்சானாவே வந்து சேர்ந்தது. சிவந்த குழம்பினூடே கன்னத் தசைத் துண்டுகள் பளபளத்தன. பரிமாறியவரோ, "இது இறைச்சியன்று, வாசனைக்காகச் சேர்ப்பது" என்று தோளைக் குலுக்கினார். உண்ணாமலே எழுந்தோம். ஐந்து தட்டுக்கும், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தனியே எழுதப்பட்டிருந்த மேசைக் கட்டணத்துக்கும் பணம் செலுத்தினோம்.

பணம் போனது பெரிதன்று. நாங்கள் வினவியபோது பக்கத்து மேசைகளில் இருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்ததை மகளால் தாங்க இயலவில்லை. பதினைந்து வயது என்பது பிறர் பார்வையே உலகம் என்றிருக்கும் பருவம். விடுதிக்குத் திரும்பும் வழியில், "வாப்பா, இனி ஒவ்வொரு கடையிலும் இந்த விசாரணை வேண்டாம். எனக்கு ரொட்டியும் வாழைப்பழமும் போதும்" என்றாள். அன்றிரவு அவ்வாறே உண்டாள். அவளைப் பார்த்து உம்மாவும் ரொட்டியும் பழமும் என்றார்கள். எஞ்சிய பன்னிரண்டு நாளும் இப்படியே கழியுமோ என்ற கவலை எங்கள் இருவரையும் பற்றிக்கொண்டது. ஊர் பார்க்க வந்த இடத்தில் அன்னையும் மகளும் பட்டினி கிடப்பதாயின் அது என்ன பயணம்?

ரோமிலிருந்து சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவுக்கு இரவுத் தொடர்வண்டியில் சென்றோம். பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம். மெசினா நீரிணையை அடைந்ததும் வண்டிப் பெட்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் செலுத்தி அக்கரை சேர்க்கின்றனர். இக்காட்சியைக் காண மகன் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டான். கப்பலின் மேல்தளத்தில் சோற்றை உருண்டையாகப் பிடித்து நடுவே குழம்பு வைத்துப் பொரித்த பண்டம் விற்றார்கள். உள்ளே இறைச்சிக் குழம்பு என்பதால் மணத்தோடு நிறுத்திக்கொண்டோம். அப்பண்டத்தைத் தீவின் கிழக்கே அரஞ்சினோ என ஆண்பாலிலும், மேற்கே அரஞ்சினா எனப் பெண்பாலிலும் சொல்வர். எது சரி என்ற வழக்கு முற்றி, 2016இல் இத்தாலிய மொழிக் கழகமாகிய குரூஸ்காவே இரண்டும் சரி என்று விடை கூற வேண்டியதாயிற்று. சோற்றுருண்டைக்குப் பால் வகுப்பதில் இத்துணைச் சச்சரவு செய்யும் மக்கள், சமையலை விளையாட்டாகக் கருதுபவர்களாக இருக்க முடியாது என்று அப்போதே எங்களுக்குத் தோன்றிற்று.

பலெர்மோவில் பழைய நகர்ப் பகுதியில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்கார அம்மையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கொஞ்சம் ஆங்கிலம் அறிந்தவர். மேசை மேல் இருந்த வாழைப்பழத் தோல்களையும் உம்மாவின் ஊறுகாய்ப் புட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன ஆகாது?" என்று நேராகவே கேட்டார். சொன்னோம். அவர் முகத்தில் இரக்கமோ வியப்போ தோன்றவில்லை. தலைவலிக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவரைப் போல ஒரு தாளை எடுத்தார்.

அவர் முதலிற் சொன்னவை பொதுவான நெறிகள். படம் போட்ட பட்டியல் வேண்டாம். அன்றன்று கையால் எழுதப்படும் பட்டியல் உள்ள இடமே நல்லது. பட்டியலில் பெயரருகே உடுக்குறி இருந்தால் அது உறைபதனப் பெட்டியிலிருந்து வந்த பொருள் என்று கொள்ள வேண்டும். நண்பகல் ஒரு மணிக்கு உண்ணுங்கள். மூன்று மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், இரவு எட்டுக்கு முன் மீண்டும் எரியாது. காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, அமர்ந்து குடித்தால் வேறு விலை. இவையெல்லாம் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கக் கூடியவையே.

ஆனால் அடுத்து அவர் மகளை அருகழைத்துக் கற்பித்த நான்கைந்து சொற்கள் எந்நூலிலும் நாங்கள் காணாதவை. பன்றிக்கு மயாலே. மதுவுக்கு வீனோ. இவ்விரண்டும் போதா, மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும் என்றார். அது ஸ்த்ரூத்தோ, உருக்கிய பன்றிக் கொழுப்பு. "மயாலே உண்டா என்று கேட்டால் ரொட்டிக்காரர் இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் மயாலே என்பது இறைச்சித் துண்டு. ஸ்த்ரூத்தோ உண்டா என்று கேள், உண்மை வரும்." ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரும் பதினான்கு பொருள்களை உணவகங்கள் அறிவித்தாக வேண்டும். கோதுமை, பால், எள், நிலக்கடலை முதலியன அப்பட்டியலில் உள்ளன. பன்றிக் கொழுப்பு அதில் இல்லை. ஆகவே கேட்டாலன்றித் தெரிய வழியில்லை. மகள் முகம் சுருங்குவதைக் கண்ட அம்மையார், "நாளைக் காலை என்னோடு சந்தைக்கு வா" என்றார்.

பல்லாரோ என்பது அச்சந்தையின் பெயர். பலெர்மோவின் பழைய தெருச் சந்தைகளுள் அது ஒன்று. துணிப் பந்தல்களின் கீழே சந்து முழுவதும் கத்தரிக்காயும் எலுமிச்சையும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் குவிந்து கிடந்தன. விற்போர் இராகம் இழுத்துக் கூவும் கூவலுக்கு அப்பனியாத்தா என்று தனிப் பெயரே உண்டு. எங்களுக்கு முன்னே ஒரு முதியவர் மீன்காரரை வினவிக்கொண்டிருந்தார். எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, எந்தப் படகு, ஏன் கண் மங்கியிருக்கிறது என்று கேட்டார். மீன்காரர் சினங்கொள்ளவில்லை; செவிளைத் தூக்கிக் காட்டினார். அடுத்து வந்த பெண்மணி தக்காளிக்காரரிடம் அதே போல வழக்காடினார். கால் மணி நேரம் நின்று பார்த்த மகள் மெல்ல, "இங்கே எல்லாருமே விசாரிக்கிறார்கள்" என்றாள். அம்மையார் சிரித்தார். கேளாமல் வாங்குபவன் வெளியூரான் என்பது அங்கே எழுதாத விதி. ரோமில் எங்களை அந்நியராக்கிய அந்தக் கேள்விதான் இங்கே எங்களை ஊராரோடு சேர்த்துவிட்டது.

சந்தை முனையில் ஒரு பொரிக்கும் வண்டி. மெல்லிய மஞ்சள் வில்லைகளைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டு எடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். அம்மையார் வாய் திறவாது நின்றார், வேண்டுமென்றேதான். மகள் ஒரு நொடி எங்களைப் பார்த்தாள், பிறகு தானே முன்சென்று, "ஸ்த்ரூத்தோ?" என்றாள். கடைக்காரர் கைக் கரண்டியை மார்பில் வைத்துக்கொண்டு மறுத்தார். எண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக் காட்டினார், சூரியகாந்திப் படம். பிறகு கேளாத விவரமெல்லாம் சொன்னார். கொண்டைக்கடலை மாவு, நீர், உப்பு, கொத்தமல்லியைப் போன்ற பார்ஸ்லி இலை. வேறொன்றும் இல்லை. மாவைக் கட்டி விழாமல் களியாகக் கிண்டி, சூட்டோடு பலகையில் மெல்லப் பரப்பி, ஆறியதும் நறுக்கிப் பொரிப்பது. பெயர் பனெல்லே. எள் தூவிய ரொட்டியைப் பிளந்து, ஐந்தாறு வில்லைகளை அடுக்கி, எலுமிச்சையைப் பிழிந்து கையில் தருவார்கள்.

உம்மா அதனை வாங்கி முதலில் முகர்ந்தார்கள். "கடலை மாவு" என்றார்கள். ஒரு கடி கடித்தார்கள். ரோமில் இறங்கிய நாள் தொட்டு ரொட்டியை மருந்து போல விழுங்கிவந்த அவர்கள், தெருவோரத்தில் நின்றபடி முழு ரொட்டியையும் உண்டு முடித்து, "களி கிண்டிப் பொரிக்க நமக்கு ஏன் தோன்றவில்லை?" என்று கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் தொண்டையில் ஏதோ அடைத்தது. அந்த ஒரு வேளைக்காகவே இத்துணைத் தொலைவு வந்திருக்கலாம் எனத் தோன்றிற்று. மகன் மூன்று உண்டான். எங்கள் ஊறுகாய்ப் புட்டி அன்றிலிருந்து திறக்கப்படவில்லை.

எள் என்றோமே, சிசிலி மக்கள் அதற்கு வழங்கும் பெயர் ஜுஜ்ஜுலேனா. அரபு மொழியின் ஜுல்ஜுலான் என்பதன் திரிபு அது. இங்கே சிறிது வரலாறு கூறியாக வேண்டும். தமிழ்த் துறை மலரில் சொல்லாராய்ச்சிக்கு இடமில்லையெனில் வேறெங்கு உண்டு?

827ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படை இத்தீவின் மசாராக் கரையில் இறங்கிற்று. 831இல் பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது. 1072இல் நார்மன்கள் பலெர்மோவைக் கைப்பற்றினர். 1091இல் தீவு முழுவதும் அவர்கள் வசமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் நீர்ப்பாசன முறையைக் கொண்டுவந்தனர். அதனோடு எலுமிச்சையும் புளிப்பு நாரத்தையும் கரும்பும் கத்தரியும் வேரூன்றின. இன்றும் சிசிலி உழவர் பாசனத் தொட்டியை ஜெப்பியா என்கின்றனர்; அரபியில் அது ஜாபியா. அடுப்புக்குத் தன்னூரா, தன்னூர் என்பதன் வழிவந்தது. ஆரஞ்சுப் பூவுக்குச் சாகரா. பூவைக் குறிக்கும் ஸஹ்ர் என்பதே அதன் மூலம். சூரை மீன் வேட்டையில் படகுகளை நடத்தும் தலைவரை ராயிஸ் என்றே அழைத்துவந்தனர். மகள் இச்சொற்களைத் தன் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்தாள். முன்புறத்தில் ஸ்த்ரூத்தோ, பின்புறத்தில் ஜுல்ஜுலான்.

நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி, தம் பெருநூலை 1154இல் நிறைவு செய்தார். பலெர்மோவுக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள திராபியா என்னும் ஊரைப் பற்றி அதில் ஒரு குறிப்பு உண்டு. ஓடும் நீரால் சுழலும் ஆலைகள் பல அங்கே உள்ளன. அங்கே செய்யப்படும் இத்ரிய்யா என்னும் மாவிழை, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகிறது என்று அவர் எழுதியுள்ளார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொண்டுவந்ததே இத்தாலிய மாவிழை என்னும் கதையை நாம் அனைவரும் பள்ளிப் பருவத்தில் கேட்டிருப்போம். மார்க்கோ போலோ ஊர் திரும்பிய ஆண்டு 1295. அதற்கு நூற்று நாற்பத்தோர் ஆண்டுகள் முன்னரே திராபியாவில் மாவிழை கப்பலேறிவிட்டது. ஆசிரியப் பெருமக்கள் இக்கணக்கை மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக.

ஹஜ் முடித்துத் திரும்பிய ஸ்பானியப் பயணி இப்னு ஜுபைர், 1184 டிசம்பரில் மெசினாவருகே கப்பல் உடைந்து இத்தீவில் கரையேறினார். பலெர்மோவின் முஸ்லிம்களைக் கண்டார். திராப்பனித் துறைமுகத்திலிருந்து அடுத்த ஆண்டு கப்பலேறினார். அவர் கண்ட அந்தச் சமுதாயம் நெடுநாள் நிலைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் மன்னர் இரண்டாம் பிரெடெரிக், தீவின் முஸ்லிம்களைப் பெயர்த்தெடுத்து இத்தாலியின் பெருநிலத்தில் லூச்சேரா என்னும் ஊரில் குடியமர்த்தினார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. எஞ்சியோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பலெர்மோ அரண்மனைச் சிற்றாலயத்தில், முஸ்லிம் கைவினைஞர்கள் செய்த மரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி இதனை மகளுக்குச் சொன்னோம். அக்கூரை அழகின் எல்லை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைக் காட்டிலும் சந்தையில் எள் விற்றவரின் வாயிலிருந்து விழுந்த ஜுஜ்ஜுலேனா என்னும் சொல்லே எங்களை உலுக்கிற்று. கூரையைக் காக்க 2015இல் யுனெஸ்கோ வந்தது. சொல்லைக் காத்தவர்கள் எள் விற்றவர்கள்.

ஏழை எளியோர் சமையலின் மிடுக்குக்கு இன்னொரு சான்று, மத்தி மீன் கலந்த மாவிழை. புதிய மத்தி, காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர்திராட்சை, பைன் கொட்டை, சிறிது குங்குமப்பூ. 827இல் மசாராக் கரையிறங்கிய படையின் சமையற்காரர் கையில் கிடைத்தவற்றைக் கொண்டு ஆக்கியது அது என்பது கதை. கதை என்றே கொள்க. மேலே பாலாடைக்கட்டிக்குப் பதிலாக வறுத்த ரொட்டித் தூளைத் தூவுகின்றனர். பாலாடைக்கட்டி வாங்க வகையற்றோர் கண்ட வழி அது. இன்று வசதியுள்ளோரும் அத்தூளே வேண்டும் என்கின்றனர். மீனோடு திராட்சையா என்று தயங்கிய எங்கள் மனைவியார் இரண்டாம் முறையும் வாங்கினார்.

பிறகு திராப்பனி. பலெர்மோவுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் அளவில் உள்ள துறைமுக நகரம். ஊரை அணுகும்போது உப்பளங்களும் காற்றாலைகளும் கண்ணிற் பட்டன; உப்புக் குவியல்களைக் கண்டதும் உம்மா தூத்துக்குடி என்றார்கள். அங்கே கூஸ்குசு என்னும் உணவு பெயர் பெற்றது. துனீசியாவின் கூஸ்கூஸ்தான் அது. ஆனால் ஆட்டிறைச்சிக்குப் பதிலாக மீன். எனவே எங்களுக்கு எத்தடையும் இல்லை.

நண்பகலுக்கு முன்னரே சென்றுவிட்டதால், ஒரு சிற்றுணவகத்தின் சமையற்கார அம்மையார் வாசலருகே அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். மஃபராடா என்னும் அகன்ற மண் சட்டி. அதில் ரவையைத் தூவி, விரல் நுனியால் நீர் தெளித்து, உள்ளங்கையை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி மணி மணியாகத் திரட்டினார். உம்மா நின்றார்கள். புட்டுக்கு மாவு விரவும் கை அது. நீர் ஒரு துளி கூடினால் கட்டி, குறைந்தால் மாவு என்பதை அறிந்த கை. அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் இல்லை. என்ன நேர்ந்ததென்று நாங்கள் உணருமுன், உம்மா கை கழுவி வந்து சட்டியின் மறுபக்கத்தில் அமர்ந்துவிட்டார்கள். ஒருவர் வலமாகச் சுழற்ற, மற்றவர் இடமாகச் சுழற்றினார். அம்மையார் இரண்டு முறை உம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தி வேகத்தைக் குறைத்தார். உம்மாவும் ஒருமுறை நீர்க் கிண்ணத்தை அம்மையாருக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார்கள். அதைக் கண்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

திரட்டிய மணிகளைத் துளையுள்ள மண் பானையில் இட்டு, கீழ்ப்பானையோடு சேருமிடத்தை மாவுத் திரியால் ஒட்டி, ஆவியில் வேகவைக்கின்றனர். வெந்ததும் மீன் குழம்பின் சாற்றை வார்த்து, மூடி, கம்பளியால் போர்த்தி ஒரு மணி நேரம் உறங்க விடுகின்றனர். அவசரப்படுத்தினால் மணி பிரியாது. சாற்றுக்குப் பாறை மீன்கள் பலவும், தக்காளி, பூண்டு, இடித்த வாதுமையும் சேர்கின்றன. மகள் தன் தாளோடு அடுக்களைக்குள்ளேயே சென்று, மது சேர்ப்பதுண்டா எனக் கேட்டு, இல்லை என்ற விடையோடு வெளியே வந்தாள். வெட்கம் எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை; கேட்டால் திரும்பி வந்துவிடும் என்று அஞ்சினோம். தட்டுக்கள் வந்தன. உம்மா தம் பங்கை உண்டு, மகனின் மிச்சத்தையும் உண்டார்கள். சமையற்கார அம்மையார் வெளியே வந்து, "சிஞ்ஞோரா" என்று உம்மாவை விளித்து ஏதோ நீளமாகச் சொன்னார். உம்மா, "ஆமாம், ஆமாம், ஆவி இன்னும் கொஞ்சம் வரவேண்டும்" என்று தமிழில் விடை பகர்ந்தார்கள். அவ்வுரையாடலில் எங்கள் துணை இருவருக்கும் தேவைப்படவில்லை.

திராப்பனிக்குத் தெற்கே, படை இறங்கிய அதே மசாராவுக்கும் ஒரு நாள் சென்றோம். 1960களின் இறுதி முதல் துனீசிய மீனவர்கள் அங்கே வந்து குடியேறினர்; நகரின் பழைய அரபுக் குடியிருப்புச் சந்துகளில் இன்று அவர்கள் வாழ்கின்றனர். பாங்கொலி கேட்டது. சிவந்த இறால் உண்டோம். அவ்வளவே.

மகனுக்கு மட்டும் ஒரு மனக்குறை எஞ்சியிருந்தது. கன்னோலி என்னும் இனிப்பு சிசிலித் தெருவெங்கும் கண்ணாடிப் பெட்டியில் நின்று குழந்தைகளை அழைக்கிறது. பொரித்த குழலுக்குள் இனித்த ரிக்கோத்தாப் பாலேட்டை அடைத்தது. குழல் மொறுமொறுப்பாவதற்கு மாவில் பன்றிக் கொழுப்பும், அது பொங்குவதற்கு மார்சாலா மதுவும் சேர்ப்பதே பழைய முறை. காலையில் வாதுமைக் கிரானீத்தா வாங்கித் தந்து அவனை ஆற்றிவந்தோம். வாதுமை, சர்க்கரை, நீர் என மூன்றே பொருளில் ஆன பனிக்கூழ் அது. எட்னா மலையின் பனியைக் குகைகளில் சேமித்துக் கோடையில் பழச்சாறு கலந்து உண்ட பண்டைக் கலையின் வழித்தோன்றல். உயர்ந்த பண்டம்தான், ஆனால் அது கன்னோலி இல்லையே.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, பலெர்மோவில் ஒரு பலகாரக் கடை முன் அவன் நின்றுவிட்டான். மகள் உள்ளே சென்று கேட்டாள். முதிய கடைக்காரர், உண்டு என்றார். இரண்டும் உண்டு, இரண்டும் இல்லாமல் தம் தந்தையார் செய்ததில்லை என்றார். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்திருந்தது. பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார். ஒரு சிறு கிண்ணத்தை எடுத்து, குழலில்லாமல், ரிக்கோத்தாவை மட்டும் நிறைத்து, மேலே பச்சைத் தூள் தூவி, கரண்டியோடு நீட்டினார். மகன் கடைவாசற் படியிலேயே அமர்ந்துவிட்டான். மகள் விடவில்லை, அந்தப் பச்சைத் தூள் என்ன என்று கேட்டாள். எட்னா அடிவாரத்துப் புரோந்தே ஊரின் பிஸ்தா என்று சொல்லி, எரிமலைப் பாறை இடுக்கில் அந்த மரம் வளர்வதையும், ஓராண்டு விட்டு ஓராண்டே அங்கே பறிப்பதையும், கையிலுள்ளது 2023ஆம் ஆண்டுப் பறிப்பு என்பதையும் அவர் விளக்கத் தொடங்கினார். பாதிக்கு மேல் எங்களுக்கு விளங்கவில்லை. மகள் தாளைத் திருப்பி, எழுத இடம் தேடிக்கொண்டிருந்தாள்.